தூணும் மூணு கையும்

குழு: அப்பத்தா வீடு

சனிக்கிழமை

பெரியப்பா: [முருகன் படம்] காலை வணக்கம்

நான்: எல்லாரும் இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். திட்டக்கூடாது

தேவி அத்தை: ஆரம்பமே சரியில்லையே

நான்: [படம்] இத மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். விங் சுன்னு நான் போற சீனச் சண்டைக்கலை கிளாஸுக்கு. வீட்லயே பழகலாம்

அம்மா: என்னடி இது, துணி மாட்டுற ஸ்டாண்டா

சித்தப்பா: மூணு பேண்ட் தாராளமா காயும்

நான்: சித்தப்பா 🙄 இது மர மனுஷன். மேல ரெண்டு கை, நடுவுல ஒண்ணு, கீழ ஒரு கால். எதிராளி முன்னாடி நிக்கிற மாதிரி

பெரியப்பா: கால் ஒண்ணுதானா? பாவம்

அப்பா: விலையச் சொல்லு

நான்: செவுத்துல மாட்டுறது ஒரு வகை, தனியா நிக்கிறது ஒரு வகை. நமக்கு வாடகை வீடு. காலண்டர் ஆணிக்கே ஓனர் மாடி ஏறி வந்தாரு. அதனால தனியா நிக்கிறதுதான்

அப்பா: விலை

நான்: 74,000. டெலிவரி தனி

(பத்து நிமிஷம் யாரும் எதுவும் போடலை)

அம்மா: வாழைமரத்த அடிச்சுப் பழக வேண்டியதுதானே. உங்க ஐயா சிலம்பத்துக்கு அப்படித்தான் பழகுனாராம்

நான்: ரெண்டாவது மாடில வாழைமரத்துக்கு எங்கம்மா போறது

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): இங்க மணி பன்னண்டரை. இப்பத்தான் குழுவத் திறந்தேன். கார்த்தி, முக் யான் ஜோங்கா வாங்கப் போற?

நான்: அண்ணே! நீயாவது சொல்லு

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): முக்னா மரம், யான்னா ஆளு, ஜோங்னா நட்ட கம்பம். முன்ன சீனாவுல ஃபோஷான் ஊர்ப் பக்கம் தரையில குழி வெட்டி நட்டு வச்சுப் பழகுவாங்களாம். இப் மான்னு ஒருத்தர், புரூஸ் லீக்கு வாத்தியார், ஃபோஷான்காரர்தான். 1949 வாக்குல ஹாங்காங் வந்துட்டார். இங்க எல்லாம் அடுக்குமாடி, எங்க போய்க் குழி வெட்டுறது? அதனால ரெண்டு குறுக்குச் சட்டத்துல மரத்த மாட்டித் தொங்க விடுறதே வழக்கமாயிருச்சு. இங்க மோங் காக்னு ஒரு ஏரியாவுல நாலாவது மாடில ஒரு கிளாஸ் நடக்கும். கீழ டீ குடிச்சிட்டு நின்னா டக் டக் டக்னு கேக்கும்

அப்பா: நாலாவது மாடி சத்தம் தெருவுக்குக் கேக்குதா

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): அய்யோ, நான் நல்லதத்தான் சொல்ல வந்தேன் 😅

அப்பா: கார்த்தி, கீழ் வீட்ல கைக்குழந்தைன்னு நீதானே சொன்ன

நான்: ராத்திரியில தொட மாட்டேன்ப்பா. சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும். அடியில ரப்பர் பாய் போட்டுருவேன்

தேவி அத்தை: போன வாரம் உன் கையில நீலம் பாத்தேனே. அது இதாலயா

நான்: ஆமா அத்தை. மாஸ்டர் திட்டுனார். இத பலமா அடிக்கக் கூடாதாம். கை எந்தக் கோணத்துல இருக்கு, கால் எங்க இருக்கு, நாம சரியான இடத்துல நிக்கிறமான்னு பாக்கத்தான் இது. ஆளா இருந்தா நகந்து நம்ம தப்ப மறைச்சிருவான். மரம் நகராது, நீ தப்பா நின்னா முழங்கையில இடிச்சுச் சொல்லிரும்னார்

சித்தப்பா: இத முதல்லயே சொல்லிருந்தா துணி ஸ்டாண்டுன்னு சொல்லிருக்க மாட்டேன்

அப்பா: மாஸ்டர் வாங்கச் சொன்னாரா?

நான்: அது வந்து

நான்: சியு நிம் தாவ், சும் கியு ரெண்டு பாடமும் முடிச்சிட்டுத்தான் இந்த மரப் பொம்மைன்னார். நான் சும் கியுல பாதி

அப்பா: அப்ப இன்னும் அதத் தொடவே ஆரம்பிக்கல

நான்: கிளாஸ்ல இருக்கறதுல ரெண்டு தடவ தொட்டேன். நீலம் அதாலதான்

அம்மா: 😂😂

(இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

பெரியப்பா: தெரியாம அமுங்கிருச்சு

மதியம்

சித்தப்பா: சாப்ட்டு வந்து நிதானமாப் பாத்தேன். நீ அனுப்புன லிங்க்ல அடி எதுல நிக்குதுன்னு பாத்தியா? பிளாஸ்டிக் டிரம். உள்ள தண்ணி ஊத்தணும். வழுவழு டைல்ஸ்ல அது நிக்காது

நான்: கிளாஸ்ல ஒரு அக்கா அதான் வாங்குனாங்க. அரை மணி நேரம் பழகுனா ஹால்ல ஆரம்பிச்சது கிச்சன் வாசல்ல போய் நிக்குமாம். ஒரு கை வேற வரும்போதே வெடிப்போட வந்துச்சு. திருப்பி அனுப்ப அவங்களே பார்சல் கட்டணுமாம்

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): டிரம்மு நகரும். இல்லன்னா ஆடி உன் மேலயே திரும்பி வரும். சட்டத்துல தொங்குறது அப்படி இல்ல. அடிச்சா சட்டம் ஒரு நூல் வளைஞ்சு திரும்பும். பழக வேண்டியது அந்த வளைவோடதான்

சித்தப்பா: அப்ப டிரம் வேண்டாம். ரெண்டு கால் மரம், ஆறடி உயரம். பின்பக்கம் நாலடிக்கு நீட்டுன பாதம். நடுவுல ரெண்டு குறுக்குச் சட்டம், அது பொம்மைக்குள்ள துளையில நுழைஞ்சு போகும். பாதத்து மேல 25 கிலோ மணல் மூட்டை நாலு. பாதத்துக்கு அடியில ஜிம்முல போடுற கனமான ரப்பர். சுவத்த ஒரு ஆணி தொடாது

நான்: சித்தப்பா 😍

சித்தப்பா: தளம் தாங்குமாங்கற பேச்சே வேண்டாம். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கணும்னு கணக்கு. உன் பீரோவே இத விடக் கனம். பிரச்சனை கனமில்ல, சத்தம். கான்கிரீட்டுல இறங்குற தட்டல் கீழ் வீட்டு மோட்டுவளைக்கு நேரா போகும். ரப்பர்ல கஞ்சம் புடிக்காத

அப்பா: மரம் யாரு குடுப்பா? 9 அங்குலக் கனத்துல அஞ்சடி உருட்டு. தேக்குல கேட்டா டெப்போக்காரன் நம்மள நிக்க வச்சு உரிப்பான்

சித்தப்பா: புதுசா வெட்டுன முழு உருட்டு வேண்டவே வேண்டாம். மரத்தோட நட்ட நடுப்பகுதி உள்ளேயே இருக்கும். காயக் காய வெளிப்பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் பொளந்துரும். பட்டை பட்டையா ஒட்டிக் கடைஞ்சா பொளக்காது. ஆனா அதுக்கு நல்ல ஆசாரி, நல்ல பசை, நல்ல பொறுமை வேணும்

பெரியப்பா: நம்ம மாட்டுக்கொட்டகையில ரெண்டு தூண் கிடக்கே

(இதுக்குப் பிறகுதான் குழு முழிச்சிச்சு)

அப்பா: அண்ணே, முகப்புத் தூணா?

பெரியப்பா: ஆமா. திண்ணைய இடிச்சு எடுத்தமே, அந்த ரெண்டு. ஐயா தேவகோட்டைப் பக்கம் செட்டியார் வீடு ஒண்ணு இடிச்சப்ப வாங்கிட்டு வந்தது. பர்மாத் தேக்கு. கல்லு மாதிரி கிடக்கு

சித்தப்பா: அண்ணே உங்கள மறந்தே போனேன். பர்மாவுல இருந்து கப்பல்ல வந்து, ஒரு வீட்டத் தாங்கி, நம்ம வீட்டத் தாங்கி... அது எப்பவோ சுருங்கி முடிச்சிருக்கும். வெடிக்கறது எல்லாம் வெடிச்சாச்சு. சுற்றளவு அளந்து சொல்லுங்க

பெரியப்பா: இருங்க, டேப்ப எலி கடிச்சிருக்கான்னு பாத்துட்டு வர்றேன்

பெரியப்பா: [படம்] தெக்குத் தூண். நடுவுல 28 அங்குலம். மேல 27, அடியில 29. நீளம் ஒம்பதடி

சித்தப்பா: 28ஐ 3.14ஆல வகு. 8.9 அங்குல விட்டம். கார்த்தி, உனக்கு எவ்ளோ வேணும்?

நான்: 22, 23 செ.மீ.

சித்தப்பா: 22.6 வருது 😎

அப்பா: அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்ல இருக்கு

சித்தப்பா: அஞ்சடி அறுத்தா 2.17 கன அடி. தேக்கு கன அடிக்குப் பதினெட்டரை கிலோன்னு வை, நாப்பது கிலோ. இதையே டெப்போவுல சுத்தளவுல கால் பங்கச் சதுரமாப் போடுற கணக்குல பாத்தா 1.7தான் வரும். வாங்கும்போது நமக்கு லாபம். விக்கும்போதுதான் வயிறெரியும்

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): அங்க எத்தனை கோட் பெயிண்ட் இருக்கு?

பெரியப்பா: எண்ணி முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கலர். சுரண்டுனா அடியில பச்சை வருது

சித்தப்பா: ரம்பம் வைக்கறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு முழுசாத் தடவிப் பாருங்க. தோரணத்துக்கு அடிச்ச ஆணி உள்ள உடைஞ்சு கிடக்கும். இருக்கற வெடிப்பு பொம்மைக்கு முதுகுப் பக்கம் வரணும், கை நுழையற துளைக்கிட்ட வரக்கூடாது. கைக்கு என்ன மரம்?

பெரியப்பா: பழைய வண்டியோட ஏர்க்கால் பரண்ல கிடக்கு. கருவேலம். மூணு கை அதுல தேறும். காலுக்கு வளைஞ்ச கொம்பா ஒண்ணு பாக்குறேன்

நான்: பெரியப்பா, ஆசாரிகிட்ட ஒண்ணு முக்கியமாச் சொல்லணும். கை நுழையற சதுரத் துளை கொஞ்சம் லூசா இருக்கணும். லொடலொடன்னு ஆடணும். பின்னாடி ஆப்பு வச்சு நிறுத்துறதுதான், பசை போடக்கூடாது

பெரியப்பா: லூசாவா? நம்ம ஆசாரிகிட்ட லூசாப் போடுன்னு சொன்னா உளியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவார். நாப்பது வருசத் தொழில்ல அவர் போட்ட ஒரு கதவு ஆடுனதில்ல

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): அந்த லொடலொட சத்தம் இல்லாட்டி அது ஜோங்கே இல்ல பெரியப்பா. நான் வீடியோ அனுப்புறேன், ஆசாரிக்குக் காட்டுங்க

சித்தப்பா: இன்னொண்ணு. மேல் ரெண்டு துளையும் நடுவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணு குறுக்கப் போகும், முட்டிக்கக் கூடாது. ஆனா வெளிய வர்ற கை ரெண்டும் ஒரே மட்டத்துல முடியணும். அதுக்குக் கையச் சாய்ச்சுச் செதுக்கணும். படம் வரைஞ்சு தர்றேன்

நான்: மேல் கை என் தோள் உயரத்துக்கு வரணும். தரையில இருந்து 4 அடி 2 அங்குலம். கடையில நான் பாத்தது எல்லாம் அஞ்சே முக்கா அடி ஆளுக்கு. நான் கைய மேல தூக்கித் தூக்கித்தான் பழகிருக்கணும்

அம்மா: 74,000 குடுத்துட்டு அதுக்குத் தோள்வலி வேற

தேவி அத்தை: எல்லாம் சரி. அப்பத்தாகிட்ட யாராவது கேட்டீங்களா?

(இங்க மறுபடியும் ஒரு பத்து நிமிஷம்)

ராத்திரி

பெரியம்மா: அப்பத்தாகிட்ட சொன்னேன். கோவமா இருக்காங்க. பேசுறாங்க, கேளுங்க

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:48

அப்பா: கடைசி பஸ்ல இருக்கேன், கூட்டம். யாராவது எழுதிப் போடுங்க

நான்: அப்பத்தா சொல்றாங்க: "வீட்டத் தாங்குன தூண அடிக்கறதாவது. உங்க ஐயா முப்பது வருசம் அதுல முதுகு சாச்சு உக்காந்துருக்கார். அவர் தலை எண்ணெய் இன்னும் அதுல இருக்கு. அத நிக்க வச்சு இந்தப் புள்ள கை வீசுமா? மாட்டுக்கொட்டகையில கிடந்தாலும் கிடக்கட்டும்." அவ்ளோதான்

சித்தப்பா: நியாயம்தான்

அப்பா: விடு கார்த்தி. வேற பாப்போம்

நான்: சரிப்பா

நான்: அப்பத்தா, மன்னிச்சிருங்க. அத அடிக்கறது இல்ல, அது கூடப் பழகறது. ஆனா வேண்டாம். நான் புதுசாவே பாக்குறேன்

பெரியம்மா: அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன்

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: [பிள்ளையார் படம்] இனிய ஞாயிறு

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 1:10

தேவி அத்தை: அய்யோ அம்மா 😂😂😂 எல்லாரும் கேளுங்க

அப்பா: எழுதுங்கப்பா, காது குத்துக்கு வந்திருக்கேன், மேளம்

நான்: எழுதுறேன். "நேத்து ராத்திரி யோசிச்சேன். ஐயா சாஞ்சது தெக்குத் தூணு. அத யாரும் தொடக்கூடாது. வடக்குத் தூணுன்னு ஒண்ணு இருக்கு. நான் கல்யாணமாகி வந்த வருசம், இருட்டு, விளக்கு இல்ல, கையில பால் செம்பு. நேரா போய் அதுல முட்டினேன். நெத்தி பொடச்சுப் போச்சு, பாலும் போச்சு. அதுக்கும் உங்க ஐயாவோட அம்மா என்னத்தான் வஞ்சாங்க. தூண ஒரு வார்த்தை சொல்லல. அந்தத் தூண எடுத்துக்கச் சொல்லு. எனக்கும் சேத்து ரெண்டு போடச் சொல்லு"

சித்தப்பா: 🤣🤣 ஆர்டர் கன்ஃபர்ம்

செல்வம் அண்ணன் (ஹாங்காங்): அப்பத்தாதான் உண்மையான சிஃபு, அதான் மாஸ்டர்

அம்மா: அப்ப நான் ஒண்ணு கேக்குறேன். ஹால்ல எங்க வைப்ப? சோபா இருக்கு

நான்: நேத்தே பாத்துட்டேன்மா. அட்டப்பெட்டியப் பிரிச்சு நாலடிக்கு மூணடி வெட்டி ஜன்னல் ஓரமாப் போட்டு, நடுவுல தண்ணி கேன வச்சு, அதச் சுத்தி நடந்து பாத்தேன். சோபா ஒரு சாண் நகரணும். பால்கனி வேண்டாம், வெயிலும் மழையும் மாறி மாறி அடிச்சா பர்மாத் தேக்கா இருந்தாலும் கெட்டுரும்

அப்பா: செலவு?

சித்தப்பா: மரம் நம்மது. ஆசாரி கூலி, சட்டத்துக்கு மரம், ரப்பர், வண்டி வாடகை. கூட்டிப் பாத்தேன், அவ சொன்ன விலையில மூணுல ஒரு பங்கு தாண்டாது. ஆனா ரெண்டு மாசமாகும்

நான்: அதுக்குள்ள சும் கியு முடிச்சிருவேன்

அப்பா: முடிச்சிட்டு மாஸ்டர்கிட்டக் கேட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. அப்பறம்தான் வண்டி

நான்: 🙏

சித்தப்பா: அண்ணே, வடக்குத் தூண் அளவு? ஜோடின்னா ஒண்ணு போலத்தான் இருக்கும், இருந்தாலும் அளந்துருங்க

பெரியப்பா: அதுல ஆடு கட்டிருக்கு. மேய விட்டுட்டு வந்து அளந்து சொல்றேன்