வண்டிப் பைத்தியத்துக்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும்

என் மகனுக்கு மூன்றரை வயது. பொம்மை பொக்லைனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். வாசித்துக் காட்ட, வண்டிகளைப் பற்றிப் பாட்டாக எழுதிய தமிழ்ப் படப் புத்தகங்கள் தெரிந்தால் சொல்லுங்களேன்.

கையில் இருப்பவற்றில் பாதி மொழிபெயர்ப்பு. எதுகையும் இல்லை, தாளமும் இல்லை. பாதி வரியிலேயே நாக்கு தடுக்குகிறது. மற்றவற்றில் படத்துக்குக் கீழே 'லாரி', 'பஸ்' என்று பெயர் மட்டும்தான். இவனுக்கோ 'கடகட' என்றால் அடுத்த வரியில் 'படபட' வந்தாக வேண்டும். வராவிட்டால் அவனே போட்டுக்கொள்வான்!

பக்கத்துக்கு நாலு வரி போதும். தாள் கெட்டி அட்டையாக இருந்தால் நல்லது. அப்புறம், படம் சரியாக இருக்கணும். ரோடு ரோலருக்கு முன்னால் உருளைக்குப் பதில் டயர் வரைந்திருந்த புத்தகத்தை அன்றைக்கே மூடி வைத்தவன், இன்னும் தொடவில்லை.

நீங்களே கட்டிய பாட்டு இருந்தாலும் சரி, எழுதுங்கள்.