கீழ்ப் பல்செட்டுக்கு டைட்டானியம் பாரா, கோபால்ட் குரோம் பாரா?

கோத்தகிரி மகன்: அம்மாவுக்கு 71 வயது. கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட் (செயற்கைப் பல்வேர்) பதித்தாயிற்று. இரண்டையும் இணைத்துப் பல்செட்டைப் பிடித்துக்கொள்ளும் பாரை, அதாவது சிறு கம்பியை, எந்த உலோகத்தில் செய்யலாம் என்று மருத்துவர் கேட்கிறார். டைட்டானியத்துக்குச் செலவு அதிகம். மொறுமொறு வர்க்கியை டீயில் நனைக்காமல் கடிக்க முடியுமா என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி.

குன்னூர் பல் டாக்டர்: டைட்டானியம்தான், யோசிக்கவே வேண்டாம். எடை கோபால்ட் குரோமில் ஏறத்தாழ பாதி. அதைவிடப் பெரியது பொருத்தம். கோபால்ட் குரோமை உருக்கி வார்ப்பார்கள்; வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். பாரின் ஓரம் மயிரிழை தூக்கி நின்றாலும், பாரைப் பொருத்தும் திருகை முடுக்கும்போது அந்த இழுவை இம்பிளான்ட் வழியாக எலும்பில் இறங்கும். டைட்டானியக் கட்டியிலிருந்து இயந்திரம் கடைந்தெடுக்கும் பாரில் இந்தத் தொல்லை இல்லை.

கூடலூர் லேப்காரன்: டாக்டர் பழைய கணக்கைச் சொல்கிறார். நான் வேலை பார்க்கும் கோவை லேபில் கோபால்ட் குரோமையும் அதே இயந்திரத்தில்தான் கடைகிறோம். பொருத்தம் செய்முறையைச் சேர்ந்தது. உலோகத்தின் மேல் ஏன் பழி? விறைப்பில் கோபால்ட் குரோம் டைட்டானியத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பல்செட்டுக்குள் இடம் குறைவு என்றால் பாரை மெலிதாக்கலாம், வளையாது. சந்தேகம் இருந்தால் ஒரு முனைத் திருகை மட்டும் முடுக்கிப் பாருங்கள். மறுமுனை எழும்பினால் எந்த உலோகமானாலும் திருப்பி அனுப்புங்கள்.

குன்னூர் பல் டாக்டர்: அந்தச் சோதனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவு என்று நிக்கல் கலந்த உலோகத்தைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. நிக்கல் சிலருக்கு ஒவ்வாது. எந்த உலோகம் என்று லேபிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கொடைக்கானல் ஓய்வாசிரியர்: இருவரும் உலோகத்திலேயே நிற்கிறீர்கள். என் வாயில் ஆறு ஆண்டுகளாக டைட்டானியம் பார். ஒரு கீறல் இல்லை. தேய்ந்தது பல்செட்டுக்குள் இருந்து பாரைக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப். இரண்டு முறை மாற்றியாயிற்று. வேலை பத்து நிமிடம். அதற்கு வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு பஸ்ஸில் இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். இன்னொன்று: என் பாரை ஈறோடு ஒட்ட வைத்துவிட்டார்கள். சிறு தூரிகைகூட நுழையாது. அடியில் ஈறு வீங்கி வளர்ந்து, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. எந்த உலோகம் வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

கூடலூர் லேப்காரன்: ஐயா சொல்வது நியாயம். பாருக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஆனால் உலோகக் கிளிப் போடுவதானால் என் கட்சி மாறாது; உலோகத்தோடு உரசினால் டைட்டானியம் சிராய்ந்துவிடும்.

கோத்தகிரி மகன்: இன்று மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். பிளாஸ்டிக் கிளிப்தானாம். கையிருப்பு வைத்து இங்கேயே மாற்றித் தருவாராம். கடைந்த கோபால்ட் குரோமுக்குச் சம்மதித்துவிட்டேன், நிக்கல் இல்லை என்ற சீட்டோடு.

குன்னூர் பல் டாக்டர்: சரி. திருகுச் சோதனையின்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பல்செட் பழகும்வரை அம்மா வர்க்கியை நனைத்தே சாப்பிடட்டும்.