மறு: ‘த்ரோ’வுக்குத் தமிழ்: எறிபோர்வையை எடுத்துவிடலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். நாம் தொகுக்கும் வீட்டு அலங்காரச் சொற்பட்டியலில் ஆங்கில ‘த்ரோ’வுக்கு (throw) எதிரே இருக்கும் ‘எறிபோர்வை’யை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எறிகணை, எறிபந்து வரிசையில் அதைப் படிக்கிறவருக்கு ஓடுகிற கோழியைப் போர்வை வீசிப் பிடிக்கிற ஞாபகம்தான் வரும். சோபா முதுகிலோ கட்டில் ஓரத்திலோ சும்மா மேலே போட்டுவிடுகிற துணி, அவ்வளவுதான் சங்கதி.

தக்கலை டீச்சர் ‘த்ரோ’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்த லேஸ் இன்றைக்கும் லேஸ்தான், அதனால் நம் ஊர்த் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் லேஸ் நாக்கில் உட்காருகிறது டீச்சர், ‘த்ரோ’ உட்காரவில்லை. எழுதும்போது பாதிப்பேர் ‘துரோ’ என்கிறார்கள், அடுத்த எழுத்து ‘க’வாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன ‘மேல்விரிப்பு’ நல்ல தமிழ்தான், ஆனால் அது வேறு பொருளுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மெத்தை முழுக்க மூடுகிற விரிப்பை அப்படிச் சொல்கிறோம். இது அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே வரும். சாதாரண ஒற்றைக் கட்டில் விரிப்பு 60க்கு 90 அங்குலம், த்ரோ பெரும்பாலும் 50க்கு 60. இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் கடையில் வாங்கி வீட்டில் பிரித்த பிறகு சண்டைதான் வரும்.

என் யோசனை, துணியைப் பார்க்காமல் வினையைப் பார்ப்போம். சமுக்காளத்தை விரிக்கிறோம். போர்வையைப் போர்த்துகிறோம். தலையணைக்கு உறை மாட்டுகிறோம். த்ரோவை என்ன செய்கிறோம்? நீளவாக்கில் மூன்றாக மடிக்கிறோம், பதினேழு அங்குல அகலத்தில் ஒரு பட்டையாக வரும், அதை சோபா முதுகின் ஒரு பக்கமாகப் போட்டு, முன்பாதி இருக்கை வரைக்கும் இறங்க, பின்பாதி பின்னால் தொங்க விடுகிறோம். இல்லையென்றால் நடுவில் ஒரு கொத்தாகப் பிடித்துத் தூக்கி, கைப்பிடி மேல் அப்படியே விட்டு, குஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தை மட்டும் இழுத்துவிடுகிறோம். மூடுவதும் இல்லை, விரிப்பதும் இல்லை. இதற்கு நம்மிடம் வினை இருக்கிறது: சாத்துவது. சாமிக்குப் பட்டு சாத்துகிறார்கள், சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறார்கள். அழகுக்காக மேலே இடுவது, பிறகு எடுத்துவிடுவது, இரண்டுமே அதற்குள் இருக்கிறது. அதனால் ‘சாத்துப்போர்வை’.

‘சாத்து’ என்றால் அடி என்றும் பொருள் ஆச்சே என்று யாராவது கேட்பீர்கள். கதவைச் சாத்துவதும் இருக்கிறது. சேர்ந்து வரும் சொல் பொருளைக் காட்டிவிடும், சாமி அலங்காரமான சாத்துப்படியைக் கேட்டு யாரும் அடிதடி என்று நினைப்பதில்லை. கோயில் வினையைச் சோபாவுக்குக் கொண்டுவரலாமா என்றால், சால்வையும் ஆளுக்குச் சாத்துவது உண்டு, அதனால் எனக்கு அதில் மனத்தடை இல்லை. ‘போர்வை’யை ஏன் விடவில்லை என்றால், டிவி பார்க்கும்போது ஏசி குளிருக்குக் காலில் இழுத்துப் போட்டுக்கொள்வதும் இதைத்தான், வெறும் காட்சித் துணி ஆக்கிவிட வேண்டாம்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் பட்டியல் பாதியில் நிற்கும். கட்டிலின் கடைசியில், ஹோட்டல்களில் மாதிரி, குறுக்கே போடும் குறுகலான பட்டைக்கு ‘கால்மாட்டுப் பட்டை’ போதும். தலைமாடு கால்மாடு எல்லா வீட்டிலும் புழங்குகிற சொற்கள், விளக்கமே வேண்டாம். ஓரத் தொங்கலுக்குக் குஞ்சம் இருக்கிறது. பாவு நூலை (நீளவாக்கு நூல்) கடைசியில் ஊடை (குறுக்கு நூல்) கொடுக்காமல் விட்டு முடிச்சுப் போட்டால் அது நெய்த துணியின் சொந்தக் குஞ்சம், தனியாகச் செய்து தைத்தால் ‘தைத்த குஞ்சம்’. இந்த வித்தியாசம் பட்டியலில் இருக்கட்டும், துவைக்கும்போது முதலில் கழன்று வருவது இரண்டாவதுதான்.

விளக்கக் குறிப்பில் துணி ரகத்தையும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் ஈரம் போனபாடில்லை. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கனத்த கம்பளியை வாங்கி மடித்து வைத்தால் ஒரே வாடை, சில நேரம் பூசணமும். பாலியஸ்டர் ரகம் வியர்வையில் முதுகோடு ஒட்டும். இங்கே பொருந்துவது பருத்திதான், அதிலும் குழிகுழியாக நெய்த ரகம் காற்று போய்வர விடும், வெயில் காட்டினால் சீக்கிரம் காயும். கரூரிலிருந்து ஏற்றுமதியாகும் வீட்டுத் துணிகளில் இந்த ரகமும் உண்டு, ஆகவே பொருள் நம் நாட்டுத் தறியில்தான் நெய்யப்படுகிறது, பெயர் மட்டும் வெளியூர். படிப்புரையில் (வாசல் திண்ணை) கிடக்கும் அயினி மரக் கசேரை (நாற்காலி) மேல் வெளிர் நிறத்தில் ஒன்றைச் சாத்திப் பாருங்கள், அந்தக் கருத்த மரத்துக்கு அடர் நிறம் எடுக்காது. இது கலைச்சொல்லுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, தெரியும்.

ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு வாக்கியம்: ‘செற்றியில் (சோபாவில்) கறை தெரியாமல் இருக்க ஒரு சாத்துப்போர்வை வாங்கணும்.’ ‘இந்தச் சாத்துப்போர்வை குஞ்சம் வைத்ததா, ஓரம் மடித்துத் தைத்ததா?’ எனக்கு ஓடுகிறது. உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, என்ன முகம் காட்டுகிறார்கள் என்று எழுதுங்கள்.

அப்புறம், புசுபுசுவென்று மிருக ரோமம் மாதிரி வருகிற செயற்கை ரகம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பு யாரோ ‘போலிமயிர்ப் போர்வை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, வேறு ஏதாவது யோசியுங்கள்.