மாராமுரேஷ் கிராமங்களுக்குச் சின்னக் குழுப் பயணம்: தறிக்கு நல்லதா, கெடுதலா?

வழித்துணை:
போன ஜூலையில் ஒன்பது பேராக ருமேனியாவின் வடகோடியில் இருக்கும் மாராமுரேஷுக்குப் போய் வந்தோம். எட்டு நாள், ஒரு வேன், கிராமத்து வீடுகளில் தங்கல். நெசவும் மர வேலையும் பார்ப்பதற்கென்றே போன பயணம். இந்த மன்றத்தின் வேறொரு விவாதத்தில் நண்பர் பாவுநூல், "இந்த மாதிரிக் குழுக்கள் கிராமத்தைக் கண்காட்சியாக்கிவிடும்" என்று எழுதியிருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் தனியாகவே தொடங்குகிறேன்.

சபின்ட்சா கிராமத்தில் எல்லாரும் வண்ணம் தீட்டிய மரச்சிலுவைகள் நிற்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்களை ஓடைக்கரைக்கும் கூட்டிப் போனார்கள். அங்கே வல்த்வாரே என்று ஒன்று. கூம்பு மாதிரி பலகை அடித்த பெரிய மரத்தொட்டி, பாதி மண்ணுக்குள். மேலே மரவாய்க்கால் வழியாக ஓடைத் தண்ணீர் சரிந்து வந்து தொட்டிக்குள் பக்கவாட்டில் விழுகிறது, தண்ணீர் சுழல்கிறது. தறியிலிருந்து எடுத்த கம்பளிப் போர்வையை (செர்கா என்பார்கள்) அதில் போடுகிறார்கள். சோப்பு கிடையாது. சுழன்று சுழன்று கம்பளி ஊறி, நெசவின் இடைவெளி அடைத்துக்கொள்கிறது, மேலே முடி உப்பிக்கொண்டு எழும்புகிறது. ஒரு அம்மா நீண்ட கழியால் அதை இழுத்துக் கரையில் போட்டார். தூக்கிப் பார்த்தேன், ஒரு ஆளால் முடியவில்லை.

நாங்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒரே வீட்டில் ஒன்பது போர்வை. இது எப்படிக் கெடுதல்?

பாவுநூல்:
அக்கா, வாங்கியதைக் குறை சொல்லவில்லை. ஜூலையில் போனேன் என்கிறீர்களே, என் கேள்வி அங்கேதான். அது அவர்களுக்கு வைக்கோல் காலம். புல்லை அறுத்து, காயவைத்து, மழைக்கு முன் கட்டைச் சட்டத்தில் ஏற்றியாக வேண்டும். ஆடு மாடு குளிர்காலம் முழுக்க அதைத்தான் தின்னும். அந்த நேரத்தில் ஒரு பெண் வயலை விட்டு வந்து உங்களுக்குத் தறி ஓட்டிக் காட்டினாள் என்றால் அது யாருடைய நாள்?

நான் சென்னிமலைத் தறிவீட்டில் வளர்ந்தவன். பார்க்க ஆள் வந்தால் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து நின்று பேசுவார். வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் தறி நின்றால் கூலியும் நின்றது.

உதவி செய்ய நேரில் போகவும் வேண்டாம். 2017இல் ருமேனியாவின் பிஹோர் பகுதியின் பூத்தையல் மேலங்கியைப் போலவே ஒன்றை தியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி வெளியிட்டபோது, மறுவருடம் உள்ளூர்க் கைவினைஞர்களின் உடைகளை நேரடியாக விற்க 'பிஹோர் கூத்யூர்' என்று தளமே திறந்தார்கள். அந்த மாதிரி இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடி முழு விலை கொடுத்து வாங்கலாம். யாருடைய வைக்கோலும் நனையாது.

க்ளூஜ்வாசி:
இங்கே ருமேனியாவுல க்ளூஜ் நகரத்துக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இரண்டு பக்கமும் கொஞ்சம் சொல்றேன்.

பாவுநூல் அண்ணன் சொன்ன காலக்கணக்கு சரி. இந்தப் பக்கம் நெசவு குளிர்கால வேலை. வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல தறியைப் பூட்டுவாங்க, வசந்தம் வந்ததும் கழட்டிப் பரண்ல ஏத்திடுவாங்க. ஜூலையில பூட்டின தறியைப் பார்த்தீங்கன்னா அது பெரும்பாலும் விருந்தாளிக்காகப் பூட்டினது.

ஆனா தபால்ல வாங்கினா போதும்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். மலைப்பக்கத்து ஆடு ட்சுர்கானா இனம், நீளமான முரட்டு முடி. இன்னிக்கு அதுக்கு விலையே இல்ல. கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாம முடியைத் தூக்கிப் போடறவங்க, எரிக்கறவங்க உண்டு. இளசுகள் நிறையப் பேர் இத்தாலி, ஸ்பெயின்ல. எனக்குத் தெரிஞ்ச மூணு கிராமத்துல இன்னும் காசு கொடுத்து முடி வாங்கி நூல் நூற்கறது, விருந்தாளிக்கு அறை விடற வீடுங்க மட்டும்தான். அறை வாடகையிலதான் தறி நிக்குது.

பாவுநூல்:
வழித்துணை அக்கா, தறி ஓட்டிக் காட்டிய படம் இருந்தால் போடுங்களேன்.

வழித்துணை:
போட்டிருக்கிறேன். போட்டிஸா கிராமத்தில் எடுத்தது. பின்னால் வேலியில் தொங்குவது அவர்களே சாயம் போட்ட நூல். மஞ்சள் வெங்காயத் தோலில், பழுப்பு அக்ரூட் காயின் பச்சைத் தோலில்.

பாவுநூல்:
சாயம் அருமை. முன்னால் பாருங்கள். நெய்திருப்பது நாலு விரல்கடை. அந்த ஓரத்துப் பாவு நூல் (தறியில் நீளவாட்டில் கட்டிய நூல்) மட்டும் பஞ்சு பறந்து நைந்து கிடக்கிறது, மேலே இருக்கும் பாவு புதுசாக இருக்கிறது. ஒரே இடத்தைப் பல தடவை நெய்து பிரித்திருக்கிறார்கள் அக்கா. உங்களுக்கு நெய்தார்கள், பிரித்தார்கள், அடுத்த வேனுக்கு மறுபடி நெய்தார்கள். 2016இல் ருமேனியாவின் சுவர்க்கம்பள நெசவை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று எல்லாரும் பெருமையாக எழுதுகிறோம். இந்த நாலு விரல்கடையையா சேர்த்தார்கள்?

வழித்துணை:
ராத்திரி முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வது சரி. அந்த அம்மா இரண்டு தடவை வாசலைப் பார்த்ததும் இப்போதுதான் உறைக்கிறது. வெளியே மேகம் கட்டியிருந்தது.

ஆனாலும் ஒன்று. அந்த அம்மாவிடம் நான் வாங்கிய கம்பளம் பிரித்து நெய்தது இல்லை. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது, ஒரு குளிர்காலத்து உழைப்பு. நாங்கள் போகாவிட்டால் அது பெட்டியிலேயே இருந்திருக்கும்.

தேன்சிட்டு:
நடுவில் நுழைகிறேன். நான் பூத்தையல் கற்றுக்கொடுப்பவள். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்த அல்டீட்சா (தோள்பட்டைப் பூத்தையல்) ரவிக்கைக்காக ருமேனியாவின் வடகிழக்கில் இருக்கும் புக்கோவினா போனேன். (மாராமுரேஷ் சட்டை வேறு, அதற்குச் சதுரக் கழுத்து.) நாலே பேர். கண்காட்சி பார்க்கப் போகவில்லை, படிக்கப் போனோம். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஆசிரியைக்கு முன்கூட்டியே பேசிக் கொடுத்தோம், துணி வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

அந்த ரவிக்கையில் வளைத்து வெட்டிய துண்டே கிடையாது. எல்லாம் நேராக வெட்டியது, துண்டு துணி வீணாகாது. தோள்பட்டையில் நெருக்கமாக அல்டீட்சா, அதன் கீழே ஒரே நிறத்தில் ஒரு பட்டை, அதிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கும் கோடுகளுக்கு 'ஆறுகள்' என்று பெயர். முதல் நாள் முழுக்க எனக்கு ஒரு விரல்கடைதான் வந்தது. ஆசிரியை துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், பேசாமல் பிரித்தார். அந்தப் பிரிப்புக்காகத்தான் காசு கொடுத்தேன். தபாலில் இது வராது, பாவுநூல்.

சாலையோரக் கடைகளில் வாங்குபவர்களுக்கும் அதுதான் வழி: திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரே வெள்ளை நூல் தொடர்ந்து ஓடினால் அது இயந்திரத் தையல்.

பாவுநூல்:
தேன்சிட்டு சொன்ன முறைக்கு எனக்கு மறுப்பே இல்லை. நேரத்துக்குத் தனிக் கூலி, பொருளுக்குத் தனி விலை. ஒன்பது பேர் வேனில் வந்து முக்கால் மணி நேரம் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

க்ளூஜ்வாசி:
அப்ப பிப்ரவரியில வாங்க. பனி முழங்கால் வரைக்கும் இருக்கும், பொழுது சீக்கிரம் சாஞ்சிடும், மரத்துல கட்டின சர்ச்சுங்க பாதி பூட்டியிருக்கும். குழு நடத்தறவங்க யாரும் அந்த மாசம் கூட்டிட்டு வர்றதில்ல. ஆனா தறி நிஜமா ஓடும். நாலு பேருக்கு நான் வீடு பேசித் தரேன்.

வழித்துணை:
நான் வருகிறேன். அதே வீட்டுக்கு.

பாவுநூல்:
வரலாம்தான். ஆனால் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு வராது. தறியைத் தொட விடுவார்களா?

க்ளூஜ்வாசி:
பாவு சுத்தற அன்னிக்குப் போய் நில்லுங்கண்ணே. உருளையைத் திருப்ப ஒருத்தர், நூலை இழுத்துப் பிடிக்க ரெண்டு பேர், சிக்கு எடுக்க ஒருத்தர் வேணும். அந்த வீட்டுல இப்ப ரெண்டு கிழவிங்கதான் இருக்காங்க.

பாவுநூல்:
தேதி சொல்லுங்க தம்பி.