100 வாட் வால்வ் ஹெட், 16 ஓம் 4×12, கூடவே 8 ஓம் 1×12: செலக்டரை எதில் வைப்பது?

இழை_கம்பி:
ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் ஆம்ப்): மார்ஷல் ஜே.சி.எம். 800 2203, 100 வாட், இ.எல்.34 வால்வ் நாலு. கேபினெட்: 1960ஏ 4×12 (12 அங்குல ஸ்பீக்கர் நாலு), உள்ளே 16 ஓம், 75 வாட் ஜி12டி-75 நாலு. இதோடு விண்டேஜ் 30 ஸ்பீக்கர் (8 ஓம், 60 வாட்) போட்ட 1×12 ஒன்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். ஹெட்டில் ஸ்பீக்கர் ஜாக் இரண்டு இருக்கிறது, ஆனால் செலக்டரில் (கேபினெட்டின் ஓமுக்கு ஏற்பத் திருப்பும் சுவிட்ச்) 4, 8, 16 மட்டும்தான். எதில் வைப்பது?
இன்னொன்று: 4×12-ல் 16 ஓம் என்று எழுதிய ஜாக்கில் மல்டிமீட்டர் 6.3 காட்டுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

ஓம்_கணக்கு:
முதல்ல இரண்டாவது கேள்வி. மீட்டர் காட்டுறது டி.சி. ரெசிஸ்டன்ஸ், அது இம்பீடன்ஸை (ஏ.சி. சிக்னலுக்குக் காட்டுற எதிர்ப்பு, ஸ்பீக்கர்ல எழுதியிருக்கிற ஓம்) விடக் குறைவாத்தான் இருக்கும். 16 ஓம் ஸ்பீக்கர் சுமார் 12–13, 8 ஓம் சுமார் 6–7 காட்டும். அதனால 6.3-னா அது 8 ஓம். பின்பக்க சுவிட்ச் ஸ்டீரியோவில நிக்குது, அவ்வளவுதான். ஸ்டீரியோவில ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் பேரலலா 8 ஓம். மோனோவில அந்த ரெண்டு ஜோடியும் சீரியஸா வந்தா 16, பேரலலா வந்தா 4. சுவிட்சை மோனோவுக்குத் தள்ளி, 16 ஜாக்கில கேபிளைச் செருகி, மறுமுனைல அளந்து சொல்லுங்க. அந்த முனை ஹெட்ல இருக்கக் கூடாது. இருந்தா டிரான்ஸ்பார்மர் செகண்டரியோட ரெசிஸ்டன்ஸும் பேரலலா சேர்ந்து, கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்.

அளக்கிற கேபிள் கிட்டார் கேபிளா இருந்தா இப்பவே ஓரமா வைங்க. 100 வாட் 4 ஓமுக்குப் போறப்ப 5 ஆம்பியர் ஓடும், ஷீல்டு போட்ட மெல்லிய கம்பிக்கு அது தாங்காது. 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பியாவது வேணும்.

பச்சை_வால்வ்:
முதல் கேள்விக்கு: 16-ம் 8-ம் பேரலல் என்றால் 16×8÷24 = 5.33 ஓம். கிட்ட இருப்பது 4. எட்டில் வைத்தால் லோடு குறைவாகி வால்வில் கரண்ட் ஏறும். நாலில் வைத்தால் லோடு கொஞ்சம் கூடுதல், இந்த அளவு வித்தியாசத்தை இந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்.

ஆனால் இப்படி ஓட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. பவர் சமமாகப் பிரியாது. 8 ஓம் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாட், அந்த ஒற்றை 60 வாட் விண்டேஜ் 30-க்குள் போகும். மீதி 33 வாட்டை நாலு ஸ்பீக்கர் பங்கு போட்டால் ஆளுக்கு 8 வாட் சொச்சம். போதாததற்கு விண்டேஜ் 30-ன் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம்) 100 டி.பி., ஜி12டி-75-க்கு 97. ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பார்த்தால் விண்டேஜ் 30-தான் மிக உரக்கக் கேட்கும். வால்யூமை முழுக்க ஏற்றி ஆம்ப் க்ளிப் ஆனால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டால்) 100 வாட்டைத் தாண்டும், அப்போது வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் சுருள்) தீயும்.

சரியான வழி: இன்னொரு 8 ஓம் விண்டேஜ் 30 வாங்கி 2×12 ஆக்கி, சீரியஸில் 16 ஓம் ஆக்குங்கள். ஒன்றின் + மற்றதன் −க்கு. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். அப்புறம் 16-ம் 16-ம் பேரலல், செலக்டர் 8, பவர் பாதிப் பாதி.

ட்ரெபிள்_10:
இரண்டு வால்வை உருவிட்டு 50 வாட்டா ஓட்டலாமே ப்ரோ?

பச்சை_வால்வ்:
ஓட்டலாம். வெளி இரண்டையோ உள் இரண்டையோ மட்டும் உருவணும், ஒரே பக்கத்து இரண்டையும் இல்லை. அப்போ செலக்டரை கேபினெட்டில் பாதியா வைக்கணும்: 16 கேபினெட்டுக்கு 8, 8 கேபினெட்டுக்கு 4. இவருடைய 5.33-க்கு 2.67 வேணும், அந்த எண் செலக்டரில் இல்லை. ஒரு கேபினெட்டோடு மட்டும்தான் சரிப்படும்.

இழை_கம்பி:
மோனோவுக்கு மாற்றினேன். 18.8 காட்டுகிறது. 12–13 வரணும் என்றீர்களே?

ஓம்_கணக்கு:
அப்ப ஒரு ஸ்பீக்கர் ஓப்பன் (எங்கேயோ இணைப்பு அறுந்திருக்கு). 6.3 காட்டின ஜோடி நல்லா இருக்கு. இன்னொரு ஜோடில ஒண்ணு மட்டும் வேலை செய்யுது: 6.3 + 12.5 = 18.8. ஸ்டீரியோவுக்குத் திரும்பி அடுத்த ஜாக்கை அளந்தா 12.5 வரும்.

இதை மோனோ 16-ல ஓட்டாதீங்க. தனியா நிக்கிற அந்த ஸ்பீக்கர் மேல மூணில் இரண்டு பங்கு பவர் விழும், ஆம்ப்புக்கு லோடு 24 ஓம் ஆயிரும். அதுவும் போயிட்டா லோடே இல்லை. லோடு இல்லாத டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் எகிறி, இ.எல்.34 சாக்கெட்ல 3-ஆம் பின்னிலிருந்து 2-க்குப் பொறி பாயும். இல்லைனா சுருளோட இன்சுலேஷன் கிழியும்.

பின் பலகையைக் கழற்றுங்க. பாதி நேரம் ஸ்பீக்கர் நல்லா இருக்கும், அதிர்வுல சொருகு டெர்மினல் நழுவித் தொங்கும். டெர்மினலை முழுசா உருவிட்டு ஸ்பீக்கரை மட்டும் அளங்க. 12–13 வந்தா டெர்மினலைக் கட்டிங் பிளையரால மெதுவா இறுக்கிச் சொருகுங்க. ஒண்ணுமே வரலைனா டெர்மினல்ல இருந்து கோனுக்குப் போற பின்னல் கம்பி அறுந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அதை ஈயம் வைக்கலாம். வாய்ஸ் காயிலே போயிருந்தா ரீகோன்தான் (கோனையும் காயிலையும் மாத்துறது), 16 ஓம்னு சொல்லிக் குடுங்க.

இழை_கம்பி:
இன்று இரவு வாசிக்க வேண்டும். வேறு வழி?

ஓம்_கணக்கு:
சுவிட்ச் ஸ்டீரியோ, 6.3 காட்டின ஜாக், செலக்டர் 8. இரண்டு ஸ்பீக்கர், 150 வாட், தாராளம். அடுத்த ஜாக்கில எதையும் செருகாதீங்க. செலக்டரைப் பவர் ஆஃப் பண்ணிட்டுத்தான் திருப்பணும், ஓடும்போது திருப்பினா நடுவில ஒரு கணம் லோடு விட்டுப் போகும்.