வேட்டைநாய் முதலுதவி: ‘ரெஸ்ட்ரெயின்ட்’ என்பதற்கு ‘அணைபிடி’ சரியா?

வணக்கம்.

வேட்டைநாய் முதலுதவிக் கையேட்டு வரைவில் ‘ரெஸ்ட்ரெயின்ட்’ (முதலுதவியின்போது நாயை அசையாமல் பிடித்துவைப்பது) என்பதற்குக் ‘கட்டுப்படுத்தல்’ என்று போட்டிருக்கிறது. இது வேண்டாம். அதே பக்கத்தில் இரத்தப்போக்கைக் ‘கட்டுப்படுத்து’ என்றும், காயத்துக்குக் ‘கட்டு’ப் போடு என்றும், ‘வாய்க்கட்டு’ இடு என்றும் வருகிறது. காட்டுக்குள் நாய் கத்திக்கொண்டிருக்கும்போது புரட்டிப் பார்ப்பவருக்கு எந்தக் கட்டு எது என்றே விளங்காது.

‘அடக்குதல்’ அதைவிட மோசம். அந்தச் சொல்லைப் படித்தவர் நாயின் மேல் ஏறி அமுக்குவார். வலியில் இருக்கும் நாயை அமுக்கினால் இன்னும் திமிறும், வளர்த்தவரையே கடிக்கும். வேண்டியது அசையாமல் இருக்கும் அளவுக்கான பிடி, அவ்வளவுதான். கையால் பிடிப்பதை ‘அணைபிடி’ என்றும் வாயைக் கட்டுவதை ‘வாய்க்கட்டு’ என்றும் பிரித்துவிடலாம் என்பது என் முன்மொழிவு.

———

> கையால் பிடிப்பதை ‘அணைபிடி’

ஏற்கிறேன். வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. மெய்ப்புப் பார்ப்பவர் யாரும் ‘அணைப்பிடி’ என்று திருத்திவிட வேண்டாம்.

ஆனால் அதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு, பெயரும் தனித்தனியே வேண்டும். காதுக் கிழிசல், பாதத்தில் முள் போன்றவற்றுக்கு ‘நிலை அணைபிடி’ போதும். நாயின் பக்கவாட்டில் மண்டியிட்டு, ஒரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து அதன் தலையை உங்கள் தோளோடு சேர்க்க வேண்டும். மறு கை வயிற்றுக்கு அடியில் போய் உடலை மார்போடு அணைக்கும். உங்கள் முகம் அதன் வாய்க்கு எட்டாத பக்கம் இருக்கட்டும்.

விலாவிலோ தொடையிலோ முள்கம்பி கிழித்திருந்தால் ‘கிடை அணைபிடி’. காயம் மேலே தெரியும்படி ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். பிடிப்பவர் இருக்க வேண்டியது முதுகுப் பக்கம். கால் பக்கம் உட்கார்ந்தால் உதையும் கடியும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு முன்கை கழுத்தின் மேல் படிந்திருக்க, அந்தக் கை முன்னங்காலைப் பிடிக்கும். மற்றக் கை இடுப்புக்கு மேலாகப் போய்ப் பின்னங்காலைப் பிடிக்கும். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்: கண்ணுக்கு எதிரே இருக்கும் மேற்காலைப் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது தரையோடு கிடக்கும் அடிக்காலை. எழ நினைக்கும் நாய் அந்தக் காலைத்தான் ஊன்றும். அது உங்கள் கையில் இருந்தால் தலையைத் தூக்கினாலும் எழ முடியாது. கழுத்தில் அழுத்தம் பக்கவாட்டில் விழ வேண்டும், மூச்சுக்குழாயின் மேல் அல்ல. நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி பொருத்திய கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் அமுக்கினால் அந்தப் பெட்டியே தொண்டையை நெரிக்கும்.

மார்பில் காயம், மூச்சுத்திணறல் இரண்டிலும் கிடத்தக் கூடாது. நாய் தானாக எப்படி உட்கார்கிறதோ அப்படியே விட்டு, பக்கத்தில் இருந்து தாங்கினால் போதும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது அணைபிடியே வேண்டாம். பலகையில் ஏற்றி, தோளுக்குப் பின்னும் இடுப்பிலும் பட்டை போட்டுத் தூக்குங்கள். கழுத்தின் மேல் பட்டை கூடாது.

இன்னொன்று. இத்தனைக்கும் முன்னால் துப்பாக்கியில் இருந்து தோட்டாவை எடுத்திருக்க வேண்டும், மற்ற நாய்களைத் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும். அடிபட்ட நாயின் மேல் கூட்டாளி நாய்களே பாய்வதுண்டு. இந்த இரண்டு வரியும் வரைவில் இல்லை.

———

வாய்க்கட்டைப் பற்றி. வரைவில் ‘வாய்ப்பூட்டு’ என்றும் ஓரிடத்தில் இருக்கிறது. அதைக் கேட்டால் பேச்சுரிமைத் தடைதான் நினைவுக்கு வரும். துணியால் கட்டுவது வாய்க்கட்டு, கூடை போன்றது வாய்க்கூடு என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்கூட்டுக்குள் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியும், வாய்க்கட்டில் முடியாது. செய்முறையே மாறும் என்பதால் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

முடிச்சிலும் குழப்பம். ‘சுருக்கு முடிச்சு’ என்றே மூன்று இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் சுருக்கு முதல் வளையத்துக்கு மட்டும். 5 செ.மீ. அகலக் காஸ் துணியை (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) ஒரு மீட்டருக்குக் குறையாமல் எடுத்து, பெரிய வளையமாகப் போட்டுக்கொண்டு, பின்பக்கவாட்டில் இருந்து மூக்குத்தண்டின் நடுவில் மாட்டி, மேலே இறுக்க வேண்டும். மூக்குத் துளைக்கு அருகே போனால் மூச்சும் அடைபடும், கட்டும் நழுவும். பிறகு இரு நுனிகளையும் தாடைக்கு அடியில் கொண்டுபோய் ஒரு குறுக்கு முடிச்சு. அங்கிருந்து காதுகளுக்குப் பின்னால் பிடரியில் கடைசி முடிச்சு. இது ஒரு நுனியை இழுத்தவுடன் அவிழ வேண்டும், ஷூ லேஸ் போல. இதற்கு ‘உருவுமுடிச்சு’ என்று தனிப்பெயர் தருவோம். நாய் திடீரென்று வாந்தியெடுத்தால் இறுகிய முடிச்சோடு போராட நேரம் இருக்காது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். கத்தரிக்கோலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காஸ் துணி இல்லையென்றால் நாயைப் பிடித்துக்கொண்டு போகும் வார் போதும். மெல்லிய நைலான் கயிறு மட்டும் வேண்டாம், தோலை அறுக்கும்.

———

மேலே உள்ள பிரிப்பு எனக்கும் உடன்பாடு. அதற்கு மொழிக் காரணத்தைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. ‘முதலில் நாயைக் கட்டுப்படுத்து’ என்ற வரியைப் படிப்பவர் எல்லா நிலையிலும் வாயைக் கட்டுவார். ஓடிக் களைத்த வேட்டைநாய் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். ஓட்டத்தில் இதைத் தாண்டிவிட்ட நாய்க்கு வாயைக் கட்டினால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே வெப்பத்தாக்கு, மூச்சுத்திணறல், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு, தாடைக் காயம் ஆகியவற்றில் வாய்க்கட்டு இல்லை. மற்ற நேரத்திலும் சில நிமிடங்களுக்கு மேல் கூடாது. ஈறு வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே உருவிவிட வேண்டும். ஈறு பிறவியிலேயே கறுத்த நாய்களில் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

முள்ளம்பன்றி முள் வாயைச் சுற்றித் தைத்த நாய்க்கும் இதே விலக்கு. கட்டினால் முட்கள் இன்னும் உள்ளே இறங்கும். அணைபிடி மட்டுமே, நிறைய முட்கள் இருந்தால் மயக்கம் கொடுத்து எடுக்கும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நாய் அமைதியாகட்டும் என்று மனிதர் சாப்பிடும் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம். பிடிமுறைப் பக்கத்திலேயே இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். மருந்துப் பக்கத்தில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பொதுத் தலைப்புக்குப் ‘பிடிமுறை’ போதும் என்று நினைக்கிறேன். விடுபட்டது ஒன்று: மூக்குக் குட்டையான நாய்க்கு வாய்க்கட்டு நிற்காது. துண்டைத் தடிமனாகச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தால் தலையைத் திருப்பிக் கடிக்க முடியாது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இதற்குக் ‘கழுத்துச்சுருள்’ என்று குறித்திருக்கிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வரைவில் இதையே ஏற்றிவிடுகிறேன்.