2028 அமெரிக்கத் தேர்தல்: துணை ஜனாதிபதி வேட்பாளரை எப்பிடி ஊகிக்கிறது?

முள்ளியவளை வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர அரசறிவியல் பிள்ளைகளுக்கு ஒரு ஊகப் பயிற்சி தயாரிக்கிறம். 2028 நவம்பர் 7இல அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். குடியரசுக் கட்சியில ஜே.டி. வான்ஸ், ஜனநாயகக் கட்சியில கவின் நியூசம் நிக்கினம் எண்டு ஒரு பேச்சுக்கு வைச்சுக்கொண்டு, ஒவ்வொருத்தரும் தனக்குத் துணையா ஆரைத் தெரிவார் எண்டு பிள்ளைகள் காரணத்தோட ஒரு பக்கம் எழுத வேணும்.

முதல் சுற்றில வந்த விடைகள் எல்லாம் ஒரே மாதிரி. யூடியூப்பில அடிக்கடி காணுற ஒரு பெயர், அதுக்குக் கீழ "அவற்ற மாநிலத்து வாக்கு முழுக்க விழும்" எண்டு ஒரு வரி. நியூசத்துக்குத் துணையா கமலா ஹாரிஸைப் போட்ட பிள்ளைகளும் கன பேர்; அவவின்ர தாய் தமிழ்நாட்டில பிறந்தவ எண்டதால அந்தப் பெயரில ஒரு பற்று. "ரெண்டு பேரும் கலிபோர்னியா, ஒரே மாநிலத்து ஆக்கள் சேர்ந்து நிக்கச் சட்டம் விடாது" எண்டு மற்றப் பிள்ளைகள் மறுக்கினம். உண்மையில சட்டம் என்ன சொல்லுது? சொந்த மாநிலக் கணக்கு எவ்வளவுக்குச் சரி? எந்த ஒழுங்கில யோசிக்கப் பழக்க வேணும்? எங்கட இலங்கை வாக்குச்சீட்டில ஏன் ரெண்டாவது ஆள் இல்லை எண்டும் ஒரு கேள்வி வந்தது. அதையும் இதோட சேர்த்து விளங்கப்படுத்தலாமோ?

பாலியாறு:

பெயரை முதல் எழுதிப்போட்டுப் பிறகு காரணம் தேடுறதாலதான் விடைகள் இப்பிடி வருது. முதல்ல கழிக்கப் பழக்குங்கோ. ஒரு இருபது பெயரில இருந்து தொடங்கினால், சட்டமும் கட்சிக் கணக்கும் பாதிக்கு மேல வெட்டிப்போடும். மிச்சத்தில நிண்டு யோசிக்கிறதுதான் ஊகம்.

சட்டம் இதுதான். 1804இல வந்த 12ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கடைசி வசனம், ஜனாதிபதியாக வரத் தகுதியில்லாதவர் துணை ஜனாதிபதியாகவும் வரேலாது எண்டு சொல்லுது. ஆகவே பிறப்பால அமெரிக்கப் பிரஜை, 35 வயது, 14 வருச வதிவு மூண்டும் துணைக்கும் வேணும். கலிபோர்னியா ஆளுநரா இருந்த ஆர்னோல்ட் சுவார்செனேகர் ஒஸ்ரியாவில பிறந்தவர், மிச்சிகன் ஆளுநரா இருந்த ஜெனிபர் கிரான்ஹோம் கனடாவில பிறந்தவ. எவ்வளவு பிரபலமெண்டாலும் ரெண்டு பேரும் கழிவு.

ட்ரம்பையே துணையாப் போட்டால் என்ன எண்டு ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். 1951இன் 22ஆவது திருத்தம் ரெண்டு தரத்துக்கு மேல "தெரிவு செய்யப்படுறதை" மட்டும்தான் தடுக்குது, துணையா வந்து மேல ஏறலாம் எண்டு சிலர் வாதாடுகினம். 12ஆவது திருத்தத்தின் கடைசி வசனம் அந்த வழியையும் அடைக்குது எண்டது மற்றப் பக்கம். நீதிமன்றத்தில இன்னும் சோதிக்கப்படாத வாதம். என்ர கணிப்பில ரெண்டாவது பக்கம்தான் பலமானது. சட்டம் எப்பிடி இருந்தாலும், வழக்குச் சிக்கலைத் தேடிப்போய் வாங்க எந்த வேட்பாளரும் விரும்ப மாட்டார்.

இப்ப ஒரே மாநிலக் கேள்வி. சேர்ந்து நிக்கத் தடை இல்லை, தடை தேர்வாளர்களுக்குத்தான், அதாவது மக்கள் வாக்குப் போட்ட பிறகு மாநிலத்தின் சார்பில ஜனாதிபதிக்கும் துணைக்கும் வாக்குப் போடுற ஆக்களுக்கு. ஒரு மாநிலத்தின் தேர்வாளர், ஜனாதிபதிக்கும் துணைக்கும் போடுற ரெண்டு வாக்கையும் தன்ர மாநிலத்து ஆக்களுக்கே போடேலாது. நியூசமும் ஹாரிஸும் சேர்ந்து நிண்டு வென்றால், கலிபோர்னியாவின் 54 தேர்வாளர் வாக்கும் ரெண்டு பேரில ஒருத்தருக்குத்தான் போகும். மொத்தம் 538, வேண்டியது 270. அந்த 54 இல்லாமல் 270 எடுக்கிறது இண்டைய ஜனநாயகக் கட்சிக்கு நடவாத காரியம். துணைக்கு 270 கிடைக்காட்டில், முன்னுக்கு வந்த ரெண்டு பேரில ஒருத்தரை மேல்சபையான செனட் தெரிவு செய்யும். அது எதிர்க்கட்சி செனட்டா இருந்தால் எதிர்க்கட்சி ஆளே துணை ஜனாதிபதி.

இதுக்கு 2000ஆம் ஆண்டை விட நல்ல பாடம் இல்லை. புஷ் ரெக்சாஸ் ஆளுநர். அவர் துணைக்கு எடுத்த டிக் செனியும் ரெக்சாஸிலதான் வாக்காளரா பதிஞ்சிருந்தார். அறிவிப்புக்குச் சில நாளுக்கு முதல் பதிவை வயோமிங்குக்கு மாத்தினார். அவருக்கு அங்க வீடு இருந்தது, முந்தி அந்த மாநிலத்தின் பிரதிநிதியாவும் இருந்தவர். வழக்குப் போட்டவை, நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முடிவு 271. ரெக்சாஸின் 32ஐக் கழிச்சுப் பாருங்கோ: செனிக்கு 239தான் மிஞ்சியிருக்கும். இந்தக் கழித்தலைப் பிள்ளைகளே பலகையில செய்யட்டும். 2024இல ட்ரம்புக்குத் துணையா மார்க்கோ ரூபியோவின் பெயர் அடிபட்டபோதும் இதே தலையிடிதான், அவரும் ட்ரம்பும் புளோரிடா. வான்ஸுக்கு அவர் துணையெண்டால் அந்தச் சிக்கல் இல்லை, வான்ஸ் ஒகையோ.

அடுத்த கழிவு, அந்த ஆளை இப்ப இருக்கிற இடத்தில இருந்து எடுத்தால் கட்சி எதை இழக்கும் எண்டது. செய்தி வாசிக்கிற ஆக்கள் ஆகக் கூடுதலா விடுகிறது இதைத்தான். செனட்டர் போனால் வெற்றிடத்துக்கு ஆரை, எப்பிடி நியமிக்கிறது எண்டதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். செனட்டரா இருந்த வான்ஸ் துணை ஜனாதிபதியாப் போன இடத்துக்கு ஒகையோவின் குடியரசுக் கட்சி ஆளுநர் 2025 ஜனவரியில ஜோன் ஹஸ்ரெட்டை நியமிச்சார், அதால கட்சிக்கு நட்டம் இல்லை. 2024இல கமலா ஹாரிஸின் பட்டியலில இருந்த அரிசோனா செனட்டர் மார்க் கெலியை எடுத்துப் பாருங்கோ. அதே கட்சி ஆளைத்தான் நியமிக்க வேணும் எண்டு அரிசோனாச் சட்டம் சொல்லுது, சரி. ஆனால் 2028 வரைக்கும் பத்திரமா இருக்கிற ஆசனம் 2026இலேயே தேர்தலுக்கு வந்திருக்கும். ஆளுநரை எடுத்தால் வேற கணக்கு: 2024இல ஹாரிஸுக்குத் துணையா நிண்ட மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் வென்று போயிருந்தால் அங்க அவரின்ர கட்சித் துணை ஆளுநரே பதவிக்கு வந்திருப்பா. பதவிக்காலம் முடிஞ்ச ஆளுநர், அமைச்சரவையில இருக்கிறவை, இவையை எடுத்தால் கட்சி ஒரு ஆசனமும் இழக்காது. மிச்சிகனின் கிரெச்சன் விற்மரின்ர காலம் 2027 ஜனவரியோட முடியுது. நியூசம் பக்கத்துப் பட்டியலில அவவை மேல வைக்க அது ஒரு நல்ல காரணம்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் தலைமை வேட்பாளரிட்ட என்ன குறை எண்டு பாக்க வேணும். 2008இல ஒபாமாவுக்கு 47 வயது, வெளியுறவு அனுபவம் குறைவு. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் பைடனை எடுத்தார். 2016இல ட்ரம்பை நம்பாத மத வாக்காளருக்காக இந்தியானா ஆளுநர் மைக் பென்ஸ். 1992இல கிளிண்டன் அல் கோரை எடுத்து இந்த முறையையே விட்டார்: ரெண்டு பேரும் தெற்கு, ஒரே தலைமுறை. குறை நிரப்பாமல் புதுத் தலைமுறை எண்ட செய்தியைத்தான் பலப்படுத்தினார், அதுவும் வென்றது. 2024 வான்ஸ் மூண்டாவது வகை. 78 வயது ட்ரம்ப் திரும்ப நிக்கேலாது, அதால 39 வயது ஆளைப் போட்டது வாரிசைக் காட்டின மாதிரி. பிள்ளை எந்தப் பெயரை எழுதினாலும், இந்த மூண்டில எந்த வகை எண்டு சொல்லக் கேளுங்கோ.

மடு வீதி:

சொந்த மாநிலக் கணக்கைப் பற்றி: பிள்ளைகளை அந்த வரியை எழுத விடாதேங்கோ. 1960இல கெனடிக்கு ஜோன்சன் ரெக்சாஸின் 24 வாக்கைக் கொண்டுவந்தார் எண்டது எல்லாரும் சொல்லுற உதாரணம். அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கோ. 1988இல பென்ற்சன் துணையா நிண்டும் ரெக்சாஸ் கைவிட்டுப் போச்சு. 2004இல எட்வேர்ட்ஸ் நிண்டும் வடக்கு கரோலினா போச்சு. 2012இல ராயன் நிண்டும் விஸ்கொன்சின் போச்சு. 2024இல பென்சில்வேனியாவுக்கு 19 வாக்கு, அதின்ர ஆளுநர் ஜோஷ் ஷப்பிரோ கையில இருந்தும் ஹாரிஸ் 10 வாக்கு மினசோட்டாக்காரரை எடுத்தா. ரெண்டு மூண்டு ஆயிரம் வாக்கில தொங்குற மாநிலமெண்டால் சொந்த ஊர்க்காரர் உதவக்கூடும். அதுக்கு மேல எதிர்பார்க்கேலாது.

மற்றது பின்னணிச் சோதனை. இது ஏன் இவ்வளவு பெரிய வேலையாச்சு எண்டு விளங்க 1972ஐப் படிப்பியுங்கோ. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மக்கவர்ன் அவசரத்தில செனட்டர் ஈகிள்ரனைத் துணைக்கு எடுத்தார். மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் எண்டு பிறகுதான் வெளியில வந்தது. 18ஆம் நாள் ஈகிள்ரன் விலக வேண்டி வந்தது. நோயை விட, வேட்பாளரின்ர தெரிவுத் திறனில நம்பிக்கை போனதுதான் பெரிய அடி. அதுக்குப் பிறகு சட்டத்தரணிகள் குழு போட்டு வரிக் கோப்பு, மருத்துவப் பதிவு, வாழ்க்கைத்துணையின் வியாபாரம், பழைய பேச்சுகள் எல்லாத்தையும் கிண்டுறது வழக்கமாச்சு. 1984இல துணைக்கு நிண்ட ஜெரால்டின் பெராரோவுக்குச் சிக்கல் வந்தது கணவரின்ர பணக் கணக்கால. ஆகவே பெரிய வியாபாரக் குடும்பத்தில இருந்து வாற பெயருக்கு ஊகத்தில கொஞ்சம் குறைச்சுப் போடலாம். ஏற்கெனவே நாடளாவிய தேர்தலில நிண்டு சோதிக்கப்பட்டவருக்குக் கூட்டலாம், முக்கியமா நேரம் குறைவெண்டால். 2024இல பைடன் விலகினது ஜூலை 21, வால்ஸ் அறிவிப்பு ஆகஸ்ட் 6. பதினாறு நாளில எல்லாச் சோதனையும் முடிக்க வேண்டியிருந்தது.

கசியிற செய்தியை எப்பிடி நம்புறது? பெயர் சொல்லாத "நெருங்கிய வட்டாரம்" ஆகப் பலவீனம். 2004 ஜூலையில ஒரு நியூயோர்க் பத்திரிகை கெப்ஹார்ட்தான் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெரியின்ர தெரிவு எண்டு முதல் பக்கத்தில போட்டது. அண்டைக்கே கெரி எட்வேர்ட்ஸை அறிவிச்சார். இதை விட நாட்காட்டியை நம்பலாம். பென்ஸின்ர இந்தியானாவில ஒரே நேரத்தில ஆளுநர் பதவிக்கும் துணை ஜனாதிபதிக்கும் நிக்கேலாது, விலகக் கடைசி நேரம் 2016 ஜூலை 15 நண்பகல். ட்ரம்பின் அறிவிப்பு அண்டைக்குக் காலமைதான் வந்தது. மாநில விதியைப் பார்த்தவைக்கு அந்த நாள் முன்கூட்டியே தெரியும். சில மாநிலங்கள் ரெண்டுக்கும் நிக்க விடும். 2008இல பைடன் டெலவெயரில செனட்டுக்கும் சேர்த்து நிண்டவர்.

ஓமந்தை:

எங்கட வாக்குச்சீட்டுக் கேள்விக்கு. அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையைக் கையில வைச்சுக்கொண்டு சொல்லிக்குடுங்கோ. அமெரிக்காவில ஜனாதிபதி இடம் வெறுமையானால் துணை ஜனாதிபதி உடனே ஜனாதிபதி ஆகிறார். இலங்கையில பிரதமர் பதில் ஜனாதிபதியா இருப்பார், பிறகு ஒரு மாதத்துக்குள்ள பாராளுமன்றம் தன்ர உறுப்பினர்களில ஒருத்தரை இரகசிய வாக்கெடுப்பில தெரிவு செய்யும். 1993 மே 1இல பிரேமதாச கொல்லப்பட்டபோது பிரதமர் விஜேதுங்க பதிலுக்கு நிண்டு, மே 7இல போட்டியில்லாமல் தெரிவானார். 2022 ஜூலை 20இல போட்டி நடந்தது: ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுரவுக்கு 3.

ஆகவே இலங்கைக்கு ஊகிக்க வேண்டியது ரெண்டு: வெல்லுற ஆள் ஆரைப் பிரதமராக்குவார், பாராளுமன்றத்தில பெரும்பான்மை ஆரிட்ட. பொதுமக்கள் வாக்குப் போடேக்க ரெண்டுமே சீட்டில இல்லை. 2024 செப்ரெம்பரில வாக்களிச்ச பிறகுதான் ஹரிணி அமரசூரிய பிரதமர் எண்டு நாடு அறிஞ்சது. பிள்ளைகள் இதை ஒரு குறையா எழுதினால் அதுக்கு நியாயம் இருக்கு.

மாநிலச் சமநிலை இங்க ஏன் எடுபடாது எண்டும் காட்டலாம். பாராளுமன்றத் தேர்தலுக்கு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம், 6 ஆசனம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோட. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில முழு நாடும் ஒரே பெட்டி. வன்னியில முன்னுக்கு நிண்டாலும் அதுக்கெண்டு தனி வாக்குக் கட்டு கிடைக்காது. இங்க துணைக்கு ஆள் சேர்க்கிறதுக்குப் பதிலா இருக்கிறது விருப்பு வாக்கு: 1, 2, 3. ஒருத்தரும் செல்லுபடியான வாக்கில பாதிக்கு மேல எடுக்காட்டில், முதல் ரெண்டு பேரைத் தவிர மற்றவையின்ர சீட்டில இருக்கிற அடுத்த விருப்பை எண்ணுவினம். 2024இலதான் முதன்முறையா அந்த ரெண்டாவது எண்ணல் நடந்தது, அநுர 42.31, சஜித் 32.76 வீதம். சங்குச் சின்னத்தில நிண்ட அரியநேத்திரனுக்கு 226,343. அந்தச் சீட்டுகளில 2, 3 போட்டிருந்தால் மட்டும்தான் அவை ரெண்டாவது எண்ணலில பேசும். அதால இங்க கட்சிகள் பேரம் பேசுறது ரெண்டாவது விருப்பு ஆருக்கு எண்டதில.

முள்ளியவளை வகுப்பு:

எல்லாருக்கும் நன்றி. 2000ஆம் ஆண்டுக் கழித்தலையே முதல் பாடமா வைக்கிறம். புள்ளி எப்பிடிப் பிரிக்கிறது எண்டு ஒரு யோசனை சொல்லுங்கோ. சரியான பெயர் வந்ததோ எண்டு 2028 நடுப்பகுதி வரைக்கும் தெரியாது.

பாலியாறு:

பெயருக்குப் புள்ளியே வேண்டாம். 20இல சட்டக் கழிவுக்கு 5, பதவி இழப்புக் கணக்குக்கு 6, மூண்டு வகையில ஒண்டைக் காட்டி வாதிட்டதுக்கு 6, தன்ர ஊகத்தைப் பிழையாக்கக்கூடிய ஒரு விசயத்தைத் தானே எழுதினதுக்கு 3. கடைசி 3ஐ விட்டிடாதேங்கோ. உதாரணத்துக்கு வான்ஸோட ரூபியோ எண்டு எழுதுற பிள்ளை, "ரெண்டு பேரும் ஒரே நிருவாகத்து ஆக்கள், புது வாக்காளரைக் கொண்டுவர மாட்டினம்" எண்டு எழுதினால் முழுப் புள்ளி. மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கைப் படம் ஒண்டு பெரிசா அச்சடிச்சு ஒட்டுங்கோ, 2020 சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வந்ததா பார்த்து; பழைய படத்தில கலிபோர்னியா 55, ரெக்சாஸ் 38 எண்டு கிடக்கும். இப்ப 54, 40.